மாடியக்காவின் முளைப்பயறு

அன்று அக்காவின் சமையலறையில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "அவங்களை அக்கான்னு கூப்பிடாதே."

சொல்ல வாய்ப்பு இல்லாமல் இல்லை. மாடிவீட்டுக்காரர் படியிறங்கி வந்தார். தட்டால் மூடிய கிண்ணத்தை அடுப்பு மேடையில் வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, "இதுதான் உன் புத்தகப்பூச்சியா?" என்று கேட்டார். அந்தப் பெயர் அதுவரை எனக்கும் அக்காவுக்கும் நடுவில் மட்டும் இருந்தது. அம்மா போன பிறகு எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அக்கா. சோறு ஆறிப்போவது தெரியாமல் படித்துக்கொண்டிருப்பேன் என்று எரிச்சலில் அவள் வைத்த பெயர் அது. இன்னொருவர் வாயில் அதைக் கேட்டபோது, என் சட்டையை யாரோ போட்டுக்கொண்டு எதிரில் நிற்பது போல இருந்தது.

"ஆமா அக்கா, இவதான்" என்றாள் என் அக்கா, அவரைப் பார்த்து.

நான் கிண்ணத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்து, "முளை நல்லா நீளமா வந்திருக்கு" என்றேன். சாயங்காலப் பேருந்தில் வீடு திரும்பிவிட்டேன்.

அக்காவும் நானும் போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு நிறுத்திக்கொள்வோம். மற்றதெல்லாம் கடிதம்தான். அவள் கல்யாணமாகிப் போனதிலிருந்து அப்படி. நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். எதை எழுதினாலும் நகல் வைத்துக்கொள்வேன். அந்த வருடத்துக் கடிதங்கள் இவை.

*

மார்ச் 18

என் பூச்சிக்கு,

இங்கே நாங்கள் சுகம். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை அப்பா போனில் சொன்னார். அவருடைய முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்கிறாரா, இல்லை தேய்த்ததாகச் சொல்கிறாரா?

டாக்டர் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறதாம். "போன தடவை கலைஞ்சதை நினைச்சுப் பயப்படாதீங்க" என்றார். அதுவரை நான் நினைக்கவே இல்லை. தையல் கடைக்குப் போவதை நிறுத்தச் சொல்லிவிட்டார். மாமாவுக்கு மின் நிலையத்தில் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. பகல் முழுக்க நான் தனி.

தனி என்று எழுதினால் மாடியக்கா கோபித்துக்கொள்வார். காலையில் கிண்ணம் வந்துவிடுகிறது. பச்சைப்பயறை ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் மூட்டை கட்டித் தொங்கவிடுகிறார். "துணி காயவும் கூடாது, சொட்டவும் கூடாது. தலைக்குக் குளிச்சுத் துவட்டின முடி மாதிரி இருக்கணும்" என்பார். முளைத்ததும் வெள்ளரிக்காய், எலுமிச்சை, மிளகு, உப்பு. அவ்வளவுதான். மென்றால் காதுக்குள் நறுக்கு நறுக்கு என்று கேட்கிறது. தண்ணீரைப் பார்த்தால்கூடக் குமட்டிக்கொண்டிருந்த எனக்கு அது ஒன்றுதான் உள்ளே இறங்குகிறது.

ஒன்று கேட்க வேண்டும். கிளம்பும்போது உன் முகம் ஏன் அப்படி இருந்தது? பஸ்ஸில் இடம் கிடைக்காத கவலை என்று எழுதாதே.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். நீ ஏதோ சாப்பிடுகிறாய் என்று தெரிந்ததில் நிம்மதி. அப்பா எண்ணெய் தேய்த்ததாகச் சொல்கிறார்.

முகத்துக்கு ஒன்றுமில்லை. தலைவலி.

நானும் இங்கே முளைகட்டத் தொடங்கியிருக்கிறேன். துணிமூட்டை இல்லை. கண்ணாடி ஜாடி, வாயில் மெல்லிய துணி, அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். அதுதான் சுத்தம். அன்று மாடிவீட்டுக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தபோது லேசாக ஒரு வாடை வந்தது. நான் குறை சொல்லவில்லை. வாடை வந்தது, சொல்கிறேன்.

நூலகத்தில் இதைப் பற்றி இருந்த எல்லாவற்றையும் படித்துவிட்டேன். காய்ந்த பயறு சேர்த்துவைத்ததையெல்லாம் முளை விடும்போது தன் குட்டிச் செடிக்காக உடைத்துக் கொடுக்கிறது. அதனால்தான் நமக்கும் எளிதாகச் செரிக்கிறது. உள்ளே பூட்டியிருந்த இரும்புச்சத்து உடம்பில் சேரும்படி விடுபடுகிறது. காய்ந்திருந்தபோது இல்லாத வைட்டமின் சி புதிதாக உண்டாகிறது. இதெல்லாம் அவர் உனக்குச் சொல்லியிருக்கிறாரா?

முதல் தட்டு அப்பாவுக்கு. "வால் முளைச்சிருக்கேம்மா, ஓடிடப் போகுது, பிடி பிடி" என்றார். ஒரு வாய் போட்டுக்கொண்டு, மீதியைப் பால்கனிக் காக்கைக்கு வைத்துவிட்டார். கொஞ்சம் கொழகொழவென்று வந்துவிட்டது. வெயில்தான் காரணம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
பூச்சி

*

ஏப்ரல் 11

பூச்சிக்கு,

நலம். உங்கள் நலத்தோடு அந்தக் காக்கையின் நலத்தையும் எழுது.

உன் கடிதத்தை மாடியக்காவிடம் படித்துக் காட்டினேன் (வாடையை விட்டுவிட்டு). விழுந்து விழுந்து சிரித்தார். "வெயில் மேல பழி போடாதேன்னு சொல்லு. அலசினப்புறம் ஜாடியைக் கவுத்து வெச்சு முழுசா வடிய விடணும். அடியில தண்ணி தேங்கினா கொழகொழன்னுதான் வரும்" என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். விளையாட்டுக் கிளப்பின் உணவகத்துக்குத் தினமும் முளைப்பயறு கொடுப்பவர் அவர்தானே. ஓடிவிட்டு வருகிறவர்கள் எல்லாம் பச்சையாகவே அள்ளி அள்ளித் தின்கிறார்களாம்.

வெந்தயமும் முளைகட்டிக் கொடுத்தார். கசப்பு பாதியாகிவிடுகிறது. கோதுமை முளை இனிக்கிறது, நம்பமாட்டாய்.

நேற்று தலைசுற்றலில் எனக்குக் குனிய முடியவில்லை. அவரே உட்காரவைத்துத் தலைக்குத் தேய்த்துவிட்டார். எனக்கு யாரும் தலை தேய்த்துவிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? தூங்கியே போய்விட்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். காக்கை நலம்.

குனிய முடியவில்லை என்று நீ எனக்கு எழுதியிருக்கலாம். நான் வந்திருப்பேன். அப்பாவை விட்டுவிட்டு எப்படி வருவாள் என்று நீ நினைத்திருப்பாய். அந்த யோசனையை என்னிடம் விட்டிருக்கலாம்.

மாடிவீட்டார் சொன்னபடி ஜாடியைக் கவிழ்த்து வைத்தேன். கொழகொழப்பு போய்விட்டது. அது நானே கண்டுபிடித்திருக்கக் கூடியதுதான்.

முளைப்பயறு தினமும் சாப்பிட்டால் வயிற்றில் வாயு சேரும். உனக்கு ஏற்கெனவே உண்டு. கிளப்புக்குக் கொடுத்து மிச்சமானதுதான் உனக்கு வருகிறதா என்றும் கேட்டுப் பார். பழைய பயறாக இருந்தால் பாதி முளைக்காது. முளைக்காதது கல்லாகப் பல்லில் கடிபடும். ஒருவர் எதற்காகத் தினமும் இன்னொருவர் வீட்டுக்குப் படியிறங்கி வருகிறார் என்பதையும் யோசிக்க வேண்டும். கதைகளில் அப்படி வருகிறவர்கள் சும்மா வருவதில்லை.

என் கொண்டைக்கடலை நன்றாக முளைத்திருக்கிறது. அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார்.

பூச்சி

*

மே 1

பூச்சி,

நலம். அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

முதலில் வாடை. அப்புறம் வாயு. அப்புறம் மிச்சம் மீதி. அப்புறம் கதைகளில் வருகிறவர்கள். மாமா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "உன் தங்கச்சி பயறையா திட்றா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்னை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நான் பாவாடை தைத்துக் கொடுத்ததற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் நீ. இப்போது வளர்ந்துவிட்டாய். பொறாமையும் புத்தகம் படித்துக்கொண்டு வருகிறது.

அக்கா

*

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே நலம்.

போன கடிதத்துக்குக் கோபித்துக்கொள். இதை மட்டும் தனியாகப் படி.

ஒரு மருத்துவமனைக்காகத் தாய்மார்களுக்கான உணவுக் கையேடு எங்கள் அச்சகத்தில் அச்சாகிறது. மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. அதில் இருக்கிறது: கர்ப்பிணிகள் முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. விதை முளைக்க வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும்தான் கிருமி பெருகவும் வேண்டியிருக்கிறது. கிருமி விதையிலேயே ஒட்டியிருக்கலாம். எத்தனை முறை அலசினாலும் போகாது. மற்றவர்களுக்கு வயிற்றுப்போக்கோடு போய்விடக்கூடியது, உன் நிலையில் இருப்பவர்களுக்குக் குழந்தை வரை போகலாம்.

அச்சுக்கோப்பில் தவறோ என்று நினைத்தேன். கையேட்டை எழுதிய டாக்டர் மெய்ப்பு வாங்க வந்தபோது கேட்டேன். "தப்பு ஒண்ணும் இல்லம்மா. நல்லா வேக வெச்சா தாராளமா சாப்பிடலாம். பச்சையா வேண்டாம். உங்க வீட்ல யாராவது இருக்காங்களா?" என்றார். இருக்கிறாள் என்றேன்.

வேகவைத்துச் சாப்பிடு, அக்கா. அவ்வளவுதான் கேட்கிறேன்.

பூச்சி

*

மே 25

பூச்சிக்கு,

நலம். குழந்தை அசையத் தொடங்கிவிட்டது. முதல் தடவை அசைந்தபோது மாடியக்கா பக்கத்தில் இருந்தார். கையை வைத்துப் பார்த்து, "மீன் துள்ளற மாதிரி இருக்குடி" என்றார்.

இப்போது கிருமி. அடுத்த கடிதத்தில் என்ன வரும்? பாம்பா?

அந்தக் கையேட்டில் அப்படி இருக்கலாம். உலகத்தில் எந்த உணவைப் பற்றியும் யாராவது ஒருவர் வேண்டாம் என்று எழுதியிருப்பார், தேடினால் கிடைக்கும். நீ தேடுவாய். இத்தனை வருஷமாகக் கிளப்பில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேகவைத்த பயறின் வாசனை வந்தாலே எனக்குப் புரட்டுகிறது. அவர் முகத்துக்கு நேராக, "உங்க கிண்ணத்துல கிருமி இருக்கு" என்று என்னால் சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டேன்.

இனிமேல் பயறைப் பற்றி எழுதாதே. வேறு எதையாவது எழுது. என்ன படிக்கிறாய்?

அக்கா

*

ஜூன் 1

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கீழ்வீட்டில் இருப்பவளின் தங்கை எழுதுகிறேன். அன்று உங்களிடம் சரியாகப் பேசவில்லை.

என் அக்காவுக்குத் தினமும் நீங்கள் கொடுப்பதைப் பற்றி அவளுக்கு எழுதினேன். நம்பவில்லை. மாமாவிடம் போனில் சொன்னேன். "அந்தக் கிண்ணத்தை அவகிட்டேர்ந்து புடுங்க என்னால ஆகாதும்மா" என்றார். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். கையேட்டின் அந்தப் பக்கத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். உங்கள் கை சுத்தத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு சுத்தமான கையாக இருந்தாலும் விதையில் இருப்பதை ஒன்றும் செய்ய முடியாது.

வேகவைத்தால் வைட்டமின் சி கொஞ்சம் குறையும். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் அது ஈடாகிவிடும். முளைத்ததால் வந்த மற்ற நன்மைகள் போய்விடாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வரியைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். உங்களிடம் ஒரு குறை அகப்பட்டதே என்று. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அக்கா என்னை நம்பாததில் தப்பில்லை. ஆனால் வரி பொய்யில்லை. அவளுக்குப் போன முறை ஒன்று கலைந்திருக்கிறது. நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள்.

பணிவுடன்,
உங்கள் கீழ்வீட்டுக்காரியின் தங்கை

*

ஜூன் 9

தங்கச்சிக்கு,

நல்லா இருக்கேன். நீயும் அப்பாவும் நல்லா இருங்க. என்னை அக்கான்னு எழுதிட்டே, அதனால நீன்னே எழுதறேன்.

உன் லெட்டரைப் படிச்சிட்டுக் கிழிச்சுப் போடலாம்னுதான் நெனச்சேன். என் கிண்ணத்துல ஒருத்தி குத்தம் கண்டுபிடிச்சா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அப்புறம் கிளினிக்ல நர்ஸம்மாகிட்ட நேராப் போய் கேட்டேன். நீ எழுதினதையே அந்தம்மாவும் சொல்லிச்சு. வீட்டுக்கு வந்து படியில உக்காந்துட்டேன். வேற யாரும் எனக்குச் சொல்லலியே.

இன்னிக்கு ஆவியில வேக வெச்சேன். வெங்காயம் வதக்கி, அதுல பொரட்டி, மிளகு போட்டு, எறக்கினப்புறம் எலுமிச்சை. நல்லா வெந்திருக்கணும், ஆனா குழையக் கூடாது. அந்த மானம் எனக்கு உண்டு. வாசனை புரட்டுதுன்னா எலுமிச்சையைத் தூக்கலா பிழிஞ்சா தெரியாது. ஒரு பருக்கை விடாம சாப்பிட்டா.

ஆனா ஒண்ணு. இது உன் யோசனைன்னு அவகிட்ட சொல்ல மாட்டேன். நீயும் சொல்லக் கூடாது. சொன்னா, நீ என்னையும் மெரட்டிட்டேன்னு கெளம்பிடுவா, கிண்ணத்தை மூடி வெச்சிடுவா. அது பாதிக் காரணம்.

மீதிக் காரணத்தையும் கேட்டுக்கோ. நீ சந்தோஷப்பட்டேன்னு எழுதினேல்ல. உன் அக்காகிட்ட நான் ஒரு வாய் தண்ணி குடுத்தாலும் "என் பூச்சி இருந்தா"ன்னு ஆரம்பிச்சிடுவா. உன் லெட்டர் வர்ற நாள்ல நான் படியில எறங்கி வர்றதுகூட அவ காதுல விழாது. தலை தேய்ச்சு விட்டேனே, அன்னிக்குத் தூக்கத்துல யாரைக் கூப்பிட்டான்னு நெனைக்கிறே? எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல. இந்த ஒண்ணாவது என் யோசனையா இருக்கட்டும்.

மாடியக்கா

*

ஜூன் 22

என் பூச்சிக்கு,

நலம். எடை ஏறியிருக்கிறது. டாக்டர் தலையாட்டினார். அப்பா எப்படி இருக்கிறார்? நீ ஏன் இத்தனை நாளாக எழுதவில்லை?

பயறைப் பற்றி எழுதாதே என்று சொன்ன நானே எழுதுகிறேன். மாடியக்கா இப்போது வேகவைத்துக் கொடுக்கிறார். தானாகவே. "இந்த நேரத்துல பச்சையா வேண்டாம்டி, எனக்கு மனசு கேக்கல" என்றார். வெங்காயத்தோடு வதக்கிச் சூடாகக் கொடுக்கிறார். சாதத்தில் பிசைந்துகொள்கிறேன், சூப்பில் போட்டுக்கொள்கிறேன். புரட்டவே இல்லை.

நீ சொன்னதும் அதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பார், நீ என்னைப் பயமுறுத்தினாய். அவர் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசாமல் செய்துவிட்டார். அக்கறை என்றால் இப்படி இருக்க வேண்டும், பூச்சி. யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை அது.

கோபமில்லாமல்தான் எழுதுகிறேன். உடனே பதில் போடு.

அக்கா

*

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவும் நானும் நலம். நீ நன்றாகச் சாப்பிடுவது தெரிந்து சந்தோஷம்.

அவர் செய்தது ரொம்பச் சரி. நான் கேட்டதாக அவரிடம் சொல்.

வேலை அதிகம். கையேடு அச்சாகி முடிந்துவிட்டது. உனக்கு ஒரு பிரதி அனுப்பலாம் என்று எடுத்து வைத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீ கேட்டாயே, என்ன படிக்கிறேன் என்று. ஒரு தடிமனான நாவல். முடிக்கிற அவசரம் இல்லை.

மாடியக்காவுக்கு என் வணக்கம்.

உன்
பூச்சி

*

செப்டம்பரில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி எடுத்த மத்தியானம் மாமா வேலையில் இருந்தார். மாடியக்காதான் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். நர்ஸ் குழந்தையை முதலில் அவர் கையில் கொடுத்தார். அப்பாவும் நானும் மறுநாள் போய்ச் சேர்ந்தோம். குழந்தைக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. அவரைப் பெரியம்மா என்கிறாள். என்னைச் சித்தி என்கிறாள்.